பாவசங்கீர்த்தனமும் வாக்குமூலமும்

மன்னார்த் தீவின் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் நன்மை வாங்குமுன்பே பாவசங்கீர்த்தனம் செய்யப் பழகிவிடுகிறார்கள். தானாக வந்து முழந்தாளிட்டுச் சொல்வது அது. கேட்ட குருவானவர் உயிர் போனாலும் அதை வெளியில் சொல்லக் கூடாது. அயலில் வாழும் முஸ்லிம்களின் ஹதீஸில், மாஇஸ் என்பவர் தன் குற்றத்தைத் தானே வந்து சொன்னபோது நபிகள் நாயகம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான்கு முறை சொன்ன பிறகும், சித்தம் தெளிந்துதான் பேசுகிறாரா என்று விசாரிக்கிறார். ஒப்புதலை இவ்வளவு பெரிதாக மதிப்பவர்களே அதைப் பிடுங்கி எடுக்க அஞ்சுகிறார்கள். அச்சத்தில் வந்த சொல், உண்மையாகவே இருந்தாலும், சொன்னவனுடையது அல்ல. அதனால்தான் பொலிஸ் விசாரணையில் சட்டத்தரணி பக்கத்தில் இருப்பதை நான் சலுகையாகப் பார்க்கவில்லை. வாக்குமூலம் உண்மையாவதற்கே அது வேண்டும்.

பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் ஏற்பதில்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்தது சான்றாகும், வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமையோ கைதியின் தலையில். அந்தச் சட்டத்தில் சிக்கிய நல்லரத்தினம் சிங்கராசாவுக்குத் தெரிந்தது தமிழ் மட்டும். அவர் பேரில் சிங்களத்தில் தட்டச்சு செய்த தாளின் அடியில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அந்தத் தாளை வைத்தே 50 ஆண்டுச் சிறை, மேன்முறையீட்டில் 35. அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. மன்னார் மாவட்டத்துக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் அதே சட்டத்தில் கைதானார். காரணம் 'நவரசம்' என்ற கவிதை நூல். மாதக்கணக்கில் சட்டத்தரணியோடு தனித்துப் பேச வழியில்லை. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் ஏன் என்பார்கள். அஹ்னாபின் மடியில் இருந்தது கவிதை. இன்னொரு கேள்வி கனமானது: 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு, சந்தேகநபரை வாய் மூடியிருக்கச் சொல்லும் சட்டத்தரணி என்ன பதில் சொல்வார்? அந்தத் தாய்மாருக்கு வேண்டியது செய்தவன், அகப்பட்டவன் அல்ல. அடித்து வாங்கிய வாக்குமூலம் செய்தவனைத் தப்பவிடுகிறது. மௌனம் பொய்யும் அல்ல. பிலாத்துவின் முன் இயேசுவும் பேசாதிருந்தார். சட்டத்தரணிகள் பொலிஸ் நிலையத்தில் ஆஜராக 2012ஆம் ஆண்டின் விதிகள் இடம் தருகின்றன. ஆனால் நடுச்சாமத்தில் பேசாலை மீனவருக்கு யார் வருவார்? ஆயர் இல்லமும் பள்ளிவாசல்களும் கோயில் சபைகளும் சேர்ந்து அதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். அதுவரை, வீட்டில் ஒருவரைப் பொலிஸார் கூட்டிப்போனால் முதலில் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம் என்று பிடிபட்டவருக்கும் சொல்லி அனுப்புங்கள்.