சிலுவையை இறக்கிய ஞாயிறு

மலேசியாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் ஏறும் சாலையில் ஆல் சோல்ஸ் ஆங்கிலிக்கன் தேவாலயம் இருக்கிறது. புதிதாக வருகிறவர் அதைத் தேவாலயம் என்றே நினைக்கமாட்டார். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்ததுபோல் ஒரு கட்டடம். பிரிட்டிஷ் இராணுவத்தின் பழைய தகரக் கொட்டகைதான் அப்படிக் கோயிலாயிற்று. பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி கோயிலும் உண்டு, சாம் போ சீனக் கோயிலும் உண்டு. அதற்கும் மேலே சுங்கை பாலாஸ் தோட்டத்துத் தேயிலைச் சரிவுகள். கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் இந்தத் தகரக் கோயிலைக் கண்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. அப்படியானால் இங்கே ஒருவர் கிறிஸ்தவராக வெளிப்படையாக வாழ்வதில் என்ன சிரமம்?

முதல் சிரமம் வீட்டுக்குள்ளிருந்தே வரும். மலேசிய இந்தியர்களில் இந்துக்கள் சுமார் 86 விழுக்காடு, கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடு என்கிறது 2010 மக்கள்தொகைக் கணக்கு. தோட்டத்து லய வீடுகளில் அந்த எண்களுக்கு முகம் உண்டு: அண்ணன் ஒரு பக்கம், தம்பி மறுபக்கம். நெற்றிப் பொட்டு எங்கே, மாரியம்மன் திருவிழாவுக்கு வரி உண்டா இல்லையா, கூழ் ஊற்றும் நாளில் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தால் விசுவாசம் கெட்டுவிடுமா என்று கேள்விகள் வரும். கடைசிக் கேள்வி புதியதல்ல. சிலைக்குப் படைத்ததை உண்ணலாமா என்று கொரிந்து சபையாருக்கும் குழப்பம். பவுல் அவர்களுக்கு நீளமாகவே எழுத வேண்டியிருந்தது. படையலில் ஒன்றுமில்லை என்பதும், அதை உண்பதால் அடுத்தவர் மனம் இடறுமானால் விட்டுவிடலாம் என்பதும் அவர் வாதத்தின் இரு கால்கள். ஒரு காலை மட்டும் ஊன்றி நடக்கிறவர்களால்தான் லயத்தில் பாதிச் சண்டை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடுத்தவர் கோயில் வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் நீட்டிவிட்டு, அதற்குக் கிடைக்கும் வசவைத் துன்புறுத்தல் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையல்ல. அந்த வசவில் உள்ள விமர்சனத்தைக் கேட்டுக்கொள்வதே மரியாதை.

பெட்டாலிங் ஜெயாவின் தாமான் மேடானில் நடந்தது வேறு வகை. 2015 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. கடைவீடு ஒன்றில் இயங்கிய சிறு சபையின் முன் ஐம்பது பேர் அளவில் கூடினார்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதியில் கட்டடத்தின் முகப்பில் சிலுவை தெரியக்கூடாது, இளைஞர்களின் நம்பிக்கை அசைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். சபையார் அன்றைக்கே சிலுவையை இறக்கிவிட்டார்கள். எதிர்ப்பாளர்களை நாடு முழுவதும் பலர் கண்டித்தார்கள். கண்டித்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

இறக்கியது கோழைத்தனமா? நாற்காலியில் சாய்ந்து செய்தி வாசிப்பவருக்கு ஆம் என்று சொல்வது சுலபம். உள்ளே குழந்தைகளோடு ஆராதனையில் இருந்தவர்களுக்கு அன்று வேறு கணக்கு இருந்திருக்கும். முகப்பிலிருந்து ஓர் அடையாளத்தை எடுத்துவிட்டு, உள்ளே ஜெபத்தை விடாதிருந்தால் அதை மறுதலிப்பு என்று எப்படிச் சொல்வது?

கத்தோலிக்கத் திருச்சபை ஒரு சொல்லின் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. அதன் ‘ஹெரால்ட்’ வார இதழ் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. மலாய்ப் பக்கங்களில் கடவுளைக் குறிக்க ‘அல்லாஹ்’ என்ற சொல்லைப் போடக்கூடாது என்றது உள்துறை அமைச்சு. கோலாலம்பூர்ப் பேராயர் மர்பி பாக்கியம் வழக்குத் தொடுத்தார். 2009 டிசம்பர் 31-இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாள்களிலேயே பல தேவாலயங்கள் மீது பெட்ரோல் குண்டுகள் விழுந்தன. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அந்தச் சொல் கிறிஸ்தவ விசுவாசத்தின் இன்றியமையாத பகுதி அல்ல என்று மூன்று நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். எந்தச் சொல் இல்லாமல் ஜெபிக்க முடியாது என்பதை முழங்காலில் நிற்பவர் அல்லவா சொல்ல வேண்டும்! 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம், நால்வருக்கு மூவர் என்ற கணக்கில், மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது.

இதழின் ஆசிரியர் லாரன்ஸ் ஆண்ட்ரூ, இயேசு சபைக் குரு. சிலாங்கூர்த் தேவாலயங்களின் மலாய் வழிபாட்டில் அந்தச் சொல் தொடரும் என்று சொன்னதற்காக அவர்மீது தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் விசாரணை வந்தது. அவர் சொன்னதை எதிர்த்துக் கிள்ளானில் லூர்து அன்னை ஆலயத்துக்கு எதிராக ஆர்ப்பாட்டம் என்று பேச்சு அடிபட்ட 2014 ஜனவரி 5 ஞாயிறன்று, முஸ்லிம்கள் சிலர் பூக்களோடு வந்து ஆலயத்துக்குத் துணை நின்றார்கள்.

தமிழ்ப் பக்கங்களோடு யாருக்கும் வழக்கில்லை. ஆனால் கடவுளை எந்தச் சொல்லால் அழைப்பது என்ற தகராறு தமிழ்க் கிறிஸ்தவருக்குப் பழக்கமானதுதான். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, சந்தனம் பூசி, ‘சர்வேசுரன்’ என்று பேசியபோது அவரைக் கடுமையாகத் தாக்கியவர்கள் சக கிறிஸ்தவர்களே. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி அந்த வழக்கங்களை அனுமதித்த பிறகுதான் அவரால் மூச்சுவிட முடிந்தது. பிறகு சீர்திருத்தச் சபையாரின் ‘பராபரன்’ வந்தார், ‘தேவன்’ வந்தார். 1995-இல் கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில்தான் ‘கடவுள்’ வந்து அமர்ந்தார். இன்றும் பழைய வேதாகமத்தைக் கீழே வைக்க மனமில்லாத குடும்பங்கள் ஏராளம்.

ஆகையால், மலாய் மொழி வழக்கு தங்களுடையதல்ல என்று பிரிஞ்சாங் தமிழர் ஒதுங்குவது சரியாகாது. கேமரன் மலையின் பூர்வகுடிகளிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. மலாய் வேதாகமம் அவர்களுக்கும் தேவை. கேமரன் மலை அடங்கிய பகாங் மாநிலத்திலோ, முஸ்லிம் அல்லாதார் தங்கள் மதத்தைப் பரப்புவதில் ‘அல்லாஹ்’ என்ற சொல்லைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் மாநிலச் சட்டம் 1989-இலேயே வந்துவிட்டது.

சரவாக்கின் மெலனாவ் இனப் பெண் ஜில் அயர்லாந்து, 2008 மே மாதம் இந்தோனேசியாவிலிருந்து திரும்பும்போது விமான நிலையத்தில் எட்டுக் குறுந்தட்டுகளை அதிகாரிகளிடம் பறிகொடுத்தார். சொந்த உபயோகத்துக்கு வாங்கிவந்த கிறிஸ்தவத் தட்டுகள். தலைப்புகளில் அதே சொல். அவர் ஓயவில்லை. கிறிஸ்தவ வெளியீடுகளில் அந்தச் சொல்லைத் தடுத்த 1986-ஆம் ஆண்டு உத்தரவு சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் 2021 மார்ச் 10-இல் சொன்னது. அரசு தன் மேல்முறையீட்டை 2023-இல் கைவிட்டது. தீர்ப்பு வந்தபோது, குறுந்தட்டு போட்டுக் கேட்கும் கருவியே பல வீடுகளில் இல்லாமல் போயிருந்தது.