நீங்காத முள்

சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் பெரும்பாலும் குணமானவர்களுக்கே போய்விடுகிறது. கட்டி கரைந்தவர் எழுந்து நிற்கிறார், கடன் தீர்ந்தவர் நிற்கிறார், சபையார் அல்லேலூயா சொல்கிறார்கள். பல வருடமாக ஒரே ஜெபத்தைச் செய்துகொண்டு அதே படுக்கையில் கிடப்பவர் பக்கம் மைக் போவதில்லை. அவரிடம் வரும் சில ஊழியர்களோ, விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதைவிடக் கொடுமையான ஆறுதல் இருக்க முடியாது.

பிலிப்பியருக்கு எழுதியபோது பவுல் காவலில் இருந்தார். பிழைப்போமா என்பதே உறுதியில்லை. அந்த நான்கு அதிகாரங்களில்தான் சந்தோஷம் திரும்பத் திரும்ப வருகிறது. உடம்பில் குத்திய முள் நீங்க மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்பதைக் கொரிந்தியருக்கு அவரே எழுதியிருக்கிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்?

திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே காலம் போயிற்று. நோயாளிகளுக்கென்று நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்கள் எழுதிய ஆறுதல்கள் தனக்கு எட்டவில்லை என்பதை உணர்ந்து, படுத்திருப்பவராகவே படுத்திருப்பவர்களுக்கு எழுதினார்.

டாக்டர் மேரி வர்கீஸின் கதை இன்னும் நெருக்கமானது. கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) படித்தவர். 1954இல் சக டாக்டர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் காயம், முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. கசப்பும் அழுகையும் வந்தன. வராமல் எப்படி இருக்கும்? சங்கீதங்களில் பல புலம்பல்கள்தானே.

தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்து வந்த டாக்டர் பால் பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம். நரம்பு செத்து மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த, வேறொரு தசைநாரை எடுத்து இடம் மாற்றித் தைக்க வேண்டும். நூலிழை பிசகக்கூடாத வேலை. மேஜையில் நீண்டிருக்கும் கைக்கு வலி தெரியாது. அதைத் தைக்கும் மேரியின் கால்களுக்கும் தெரியாது. சூடு பட்டாலும் உணராத அந்த விரல்களில் புண் வருவதுபோல, நாற்காலியில் அசையாமல் இருக்கும் டாக்டரின் உடம்பிலும் அழுத்தப்புண் வரும். நோயாளி படும் பாடு அவருக்குப் புத்தகத்தில் படித்ததல்ல.

மேரியின் சந்தோஷத்தைத் தேட வேண்டிய இடம் இதுதான். கால்கள் திரும்பி வந்திருந்தால் கிடைத்திருக்கும் மகிழ்ச்சி வேறு. இது, கேட்டது கிடைக்காத பிறகும் தேவன் தன்னைக் கைவிடவில்லை, தனக்கு இன்னும் வேலை வைத்திருக்கிறார் என்ற நிச்சயத்தில் ஊறியது. வலி குறைந்த நாளில் கூடி, கூடிய நாளில் குறைகிற மனநிலையாக இருந்திருந்தால் ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்காது.

ஆஸ்திரேலியாவில் பயிற்சி, நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தில் மேற்படிப்பு எல்லாம் சக்கர நாற்காலியில் இருந்தபடியே முடித்து வேலூர் திரும்பினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தண்டுவடம் அடிபட்டு, இனி என்ன இருக்கிறது என்று வந்தவர்கள் அந்த மையத்தில் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், புண் வராமல் உடம்பைக் காக்கவும், கைத்தொழில் செய்யவும் பழகினார்கள். 1986இல் மேரி வர்கீஸ் இறந்த பிறகும் அந்த வேலை அங்கே தொடர்கிறது.