விடியற்காலைச் சோம்பல்

“சுவாமி, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கோ. விடிய அஞ்சு மணிக்குக் கூப்பிடத் தொடங்கினால் ஆறு மணிக்குத்தான் எழும்புறான். சரியான சோம்பேறி!”

சில நாள்களுக்கு முன் ஒரு தாய் தம் 10 வயது மகனைப் பங்குமனைக்கு அழைத்து வந்து இவ்வாறு முறையிட்டார். பையன் தலைகுனிந்து நின்றான். அப்பட்டம் அவனுக்குப் பழகிப்போனதென்று முகத்தில் தெரிந்தது. நம் இல்லங்கள் பலவற்றில் பிள்ளையின் நாள் இந்தப் பட்டத்துடனேயே விடிகிறது.

சோம்பல் தலையான பாவங்கள் ஏழினுள் ஒன்று என்று மறைக்கல்வியில் நாமே கற்பிக்கிறோம். ஆனால் புனித தோமஸ் அக்குவினாஸ் அச்சொல்லால் குறித்தது நித்திரையை அன்று. ஆன்ம நன்மையைக் கண்டு மகிழாது சலித்துத் துயருறும் மனநிலையையே. பாயை விட்டு எழ முடியாத பிள்ளையிடம் அதனைத் தேடுவது வீண். அன்றியும், கனமான குற்றத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். அரை நித்திரையில் ‘ஓமம்மா’ என்று முனகிவிட்டு மறுபக்கம் திரும்பும் பிள்ளையிடம் இவ்விரண்டில் எது இருக்கிறது?

ஒழுக்கவியல் படித்தோர் உடனே ஒரு மறுப்பை எழுப்புவர். குடிவெறியில் தவறிழைத்தவன், ‘அப்போது எனக்கு அறிவில்லை’ என்று தப்ப இயலாது. குடிக்கத் தொடங்கியபோது அறிவு இருந்ததன்றோ? அரிஸ்டோட்டில் காலந்தொட்டுச் சொல்லப்படும் நியாயம் இது. செயலில் சம்மதம் இல்லாவிடினும் அதன் காரணத்தில் சம்மதம் இருந்தால் பொறுப்பு உண்டு. மிகச் சரி. அப்படியானால் காலை 5 மணியின் காரணத்தைத் தேடி முதல்நாள் இரவுக்குப் போவோம்.

நான் பையனுக்குப் புத்தி சொல்லாமல் கணக்குக் கேட்டேன். புலமைப்பரிசில் வகுப்பு முடிவது இரவு ஏழரைக்கு. வீடு வந்து, மேல் கழுவி, வீட்டுப்பாடம் எழுதிச் சாப்பிட ஒன்பதரை. பிறகு பெரியவர்களின் தொலைக்காட்சி நாடகம். வீட்டில் இருப்பதோ ஒரே அறை. படுக்கை பத்தரைக்கு. தாய் விரும்புகிறபடி ஐந்துக்கு எழும்பினால் உறக்கம் ஆறரை மணித்தியாலம். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு 9 தொடக்கம் 12 மணித்தியால உறக்கம் வேண்டுமென அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016 இல் அறிவித்தது. குறைந்த அளவை எடுத்தாலும் நாளொன்றுக்கு இரண்டரை மணித்தியாலக் கடன். ஐந்து பாடசாலை நாள்களில் பன்னிரண்டரை. இக்கடனைப் பட்டவன் பையன் அல்லன். வகுப்பைத் தெரிவு செய்தவர்களும் தொலைக்காட்சியைப் போட்டவர்களும் வளர்ந்தவர்களே. அவரவர்க்குரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்றால், ஆறு மணிவரை உறங்கும் சிறுவன் தனக்குரியதில் ஒரு சிறு பங்கை மீட்கிறான், அவ்வளவுதான்.

பதின்ம வயதினரின் நிலை வேறு. உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலற்றோனின் அவ்வயதில் பிந்தியே சுரக்கிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் படுப்பார்கள், உறக்கம் வராது. அதில் குற்றமில்லை. கைத்தொலைபேசியைப் போர்வைக்குள் ஒளித்து வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே காரணத்திலும் சம்மதம் அவர்களுடையதே.

1996 மே மாதம் நம் நாட்டில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். பிள்ளைகள் இருட்டில் எழும்பிப் பாடசாலைக்குப் போவதைக் குறித்துப் பெற்றோர் முறையிட்டனர். 2006 ஏப்ரலில் பழைய நேரம் மீண்டது. அன்று அரசு வைத்த இருட்டு நமக்குக் கண்ணில் பட்டது. இன்று நாமே வைக்கும் இருட்டு படுவதில்லை.

நானும் இதில் சுத்தன் அல்லன். குருவான புதிதில் மாணவர் விடுதியொன்றுக்குப் பொறுப்பாயிருந்தேன். மணியடித்தும் எழாத ஒருவனைப் பல நாள் முழந்தாளில் நிறுத்தினேன். பின்பு தெரியவந்தது: இருளுக்கு அஞ்சும் சிறுவன் ஒருவனை இரவில் இரண்டு மூன்று முறை எழும்பி மலசலகூடத்துக்குக் கூட்டிச் சென்றவன் அவனே. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் கேட்கேல்லை, சுவாமி” என்றான். சிறுவன் சாமுவேல் நள்ளிரவில் மீண்டும் மீண்டும் வந்து எழுப்பியபோதும் முதியவர் ஏலி கடிந்துகொள்ளாமல் அவனைப் படுக்கைக்கே திருப்பி அனுப்பினார். அவ்வாசகத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விடுதி நினைவுக்கு வரும்.

விடியுமுன் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய தாய்மாரும் உளர். அவர்கள் பிள்ளையை ஐந்துக்கு எழுப்பாமல் என்ன செய்வது? அவர்கள்மேல் பழி சுமத்த நான் இதை எழுதவில்லை. ஆனால் எழுப்பும்போது அந்தப் பட்டத்தை விட்டுவிடலாம். அதற்குப் பணம் வேண்டாம், நேரமும் வேண்டாம்.

“அப்ப ரியூசனை நிப்பாட்டுறதோ, சுவாமி?” என்று அந்தத் தாய் கேட்டார். பரீட்சை கிட்டும் நேரத்தில் இலேசில் விடையளிக்கக்கூடிய கேள்வி அன்று. வகுப்பை ஆறு மணியுடன் முடிக்க இயலுமா என்று ஆசிரியரிடம் நானே பேசுவதாகச் சொன்னேன். இதை எழுதும்வரை பேசவில்லை. இந்தக் கிழமை போக வேண்டும்.