பூட்டின் பிடிவாதம்

சென்ற தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபம் இருந்த சந்தில் ஏற்கெனவே கார்கள் இரட்டை வரிசையில் நின்றன. காவற்காரர் ஓடி வந்து, "சார், இந்த வண்டிக்குப் பின்னாலே குறுக்கே விட்டுடுங்க. ஹாண்ட் பிரேக் வேணாம். நியூட்ரல்லே வச்சுட்டுப் போங்க. தேவைப்பட்டா தள்ளிக்கிறோம்" என்றார். நம் ஊர்க் கல்யாணங்கள் பாதி இந்த ஏற்பாட்டினால்தான் நடந்தேறுகின்றன. என் வண்டியை நீ தள்ளலாம், உன் வண்டியை நான் தள்ளலாம் என்ற ஒரு பரஸ்பர நம்பிக்கை! நானும் அப்படியே நியூட்ரலில் வைத்து எஞ்சினை நிறுத்தினேன். சாவியை இழுத்தேன். வரவில்லை.

வண்டி என் மகனுடையது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ரகம். முப்பது வருஷம் கையால் கியர் போட்டே பழகிய எனக்கு அதன் சுபாவம் இன்னும் பிடிபடவில்லை. மறுபடி இழுத்தேன். வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கம் திருப்பி, பூட்டின் மேல் இரண்டு தட்டும் தட்டினேன். பின்னால் ஒருவர் ஹாரனை அழுத்தினார். முகூர்த்த வேளை நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டுப் புடவையும் பரிசுப் பொட்டலமுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "மெல்லத்தான் பாருங்களேன்" என்றாள். 'மெல்ல' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், எனக்கு இன்னும் இரண்டு மடங்கு பலம் வந்துவிட்டது. மணிக்கட்டின் முழு வலுவையும் கொடுத்து முறுக்கினேன். சாவி லேசாக வளைந்தது, வெளியே வரவில்லை.

அந்த இரண்டு நிமிஷத்தில் யார் யாரைத் திட்டினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சாவியை, அதைச் செய்தவனை, வண்டியை வாங்கிய மகனை, நியூட்ரலில் விடச் சொன்ன காவற்காரரை. என் பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அப்போது வேறொரு வண்டியின் டிரைவர், சின்னப் பையன், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஐயா, கியரை 'பி'யிலே போடுங்க" என்றான். போட்டேன். சாவி கொஞ்சம் உரசிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. காவற்காரரின் முகந்தான் சுண்டிப் போயிற்று. 'பி'யில் நிற்கும் வண்டியை யாராலும் தள்ள முடியாது. இரண்டு தெரு தாண்டி நிறுத்திவிட்டு வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

பந்தியில் உட்கார்ந்த பிறகும் அந்தச் சாவி என்னை விடவில்லை. ஒரு பொருள் நமக்கு இணங்க மறுத்தால் நமக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? கல் தடுக்கினால் கல்லைத் திட்டுகிறோம். ஜன்னல் திறக்காவிட்டால் தச்சனைத் திட்டுகிறோம். மறுப்பதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதைக் கோபம் ஒப்புக்கொள்வதே இல்லை. அந்தப் பூட்டுக்கோ மிக நல்ல காரணம் ஒன்று இருந்தது.

இம்மாதிரி வண்டிகளில் கியர்த் தண்டு எந்த நிலையில் இருந்தாலும் சாவியை எடுத்துவிடலாம் என்று ஒரு காலத்தில் இருந்தது. பெரியவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குள் போவார்கள். வண்டியில் விட்டுப்போன குழந்தை தண்டைப் பிடித்து விளையாடும். வண்டி சரிவில் உருளத் தொடங்கும். இதைத் தடுக்க அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டு விதி செய்தார்கள். தண்டு 'பி'யில் பூட்டிக்கொண்டு, வண்டி உருளாது என்று ஆன பிறகுதான் சாவி வெளியே வரவேண்டும். சாவி வெளியே வந்த பின் தண்டு அசையக்கூடாது. ஆக, மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் அந்தப் பூட்டு என்னிடம் பிடிவாதம் பிடித்தபோது, நான் பார்த்தே இராத ஏதோ ஒரு குழந்தைக்குக் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் அதன் மண்டையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

சாவி அசையாமல் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பின் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பினால் உள்ளேயிருந்து ஒரு இரும்புத் தாழ் வந்து அதைப் பிடித்துக்கொள்ளும். திருடனுக்காக வைத்த தாழ் அது. முன் சக்கரம் நடைபாதை ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால், சக்கரத்தின் விறைப்பு முழுவதும் அந்தத் தாழின் மேல் ஏறிவிடும். பிறகு சாவியை எத்தனை முறுக்கினாலும் திரும்பாது. அப்போது ஒரு கையால் ஸ்டியரிங்கை இலேசாக, அது எந்தப் பக்கம் இடம் கொடுக்கிறதோ அந்தப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சாவியைத் திருப்ப வேண்டும். பாரம் இறங்கியதும் தாழ் தானே நழுவும். வலுவெல்லாம் சாவிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மாமியார் மருமகள் இருவரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த விஷயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

வளைந்த சாவியை எடுத்துக்கொண்டு மறுநாள் ஒரு சாவிக்காரரிடம் போனேன். நடைபாதையில் குடை விரித்து உட்கார்ந்திருப்பவர். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு வெட்ட மாட்டேன் சார். வளைவும் தேய்மானமும் சேர்ந்து வந்துடும். வீட்டிலே இரண்டாவது சாவி இருக்குமே, அதைக் கொண்டாங்க" என்றார். பூட்டுக்குள் சின்னச் சின்னத் தகடுகள் வில்லின் மேல் நிற்கின்றனவாம். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்கு ஏற்றினால்தான் பூட்டு சுழலும். பல் தேய்ந்தால் ஏதோ ஒரு தகடு குறுக்கே நிற்கும். தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்டேன். "வேணவே வேணாம். எண்ணெய் தூசியை இழுத்து வச்சுக்கும். பென்சில் கரித்தூள் போட்டாப் போதும்" என்றார்.

இதுவரை படித்தவர்கள், பூட்டு எப்போதும் நியாயமாகவே நடக்கும், மனிதன்தான் முரடன் என்று நான் சொல்ல வருவதாக நினைக்கலாம். எனக்கும் அப்படி முடித்துவிடத்தான் ஆசை. ஆனால் என் நண்பர் ஒருவரின் சாவி குறுக்கே நிற்கிறது.

அவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். பதினெட்டு வருஷப் பழைய வண்டி வைத்திருந்தார். அதன் சாவி தேய்ந்து போய், நேராகப் போட்டால் திரும்பாது. உள்ளே தள்ளி, ஒரு நூல் அளவு வெளியே இழுத்து, அங்கே நிறுத்தித் திருப்ப வேண்டும். மூன்று வருஷமாக இந்த வித்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினார். "என் கைக்கு மட்டுந்தான் கேட்கும்" என்று பெருமையாகச் சொல்வார். பூட்டை மாற்றிவிடுங்களேன் என்று நான் ஒரு முறை சொன்னதற்கு, "பழைய சிநேகிதன் ஐயா, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனால் என்ன?" என்றார். எனக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது.

ஓர் இரவு இரண்டு மணிக்கு அவருக்கு மார்வலி வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த மகன் அவரைப் பின் ஸீட்டில் சாய்த்துவிட்டுச் சாவியைப் போட்டான். திரும்பவில்லை. வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தவர் பின்னாலிருந்து, "ஒரு நூல்... ஒரு நூல் வெளியே இழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். நூல் என்பது எவ்வளவு என்று அவர் விரலுக்குத் தெரியும். மகனுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் சாவி உள்ளேயே முறிந்தது. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவருடைய வண்டியில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் நாற்பது நிமிஷம் வீணாகிவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிஷமும் இருதயத்தின் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். இப்போது மாடி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் இரண்டு நிமிஷம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டேன். அவர் மூன்று வருஷம் மென்மையாக நடந்துகொண்டார். எது பெரிய குற்றம்? என்னைத் திருத்த மனைவி இருந்தாள், டிரைவர்ப் பையன் இருந்தான், ஹாரன் அடித்தவர்கூட இருந்தார். அவரைத் திருத்த யாருமில்லை. பொறுமைசாலியை யார் கண்டிப்பது? ஒரு குறையைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, அதை நமக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாக ஆக்கிவிடுகிறோம். பிறகு அந்த இரகசியம் தெரியாத ஒருவன் கையில், அவசரமான ஒரு வேளையில், அது போய்ச் சேர்கிறது.

தனி மனிதர்தான் இப்படி என்பதும் இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த சில சிறிய கார்களில் இக்னீஷியன் சுவிட்சு அளவுக்கு மீறி இளகியிருந்தது. பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காத சுவிட்சு. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ ஓடும்போதே சாவி நழுவும்; எஞ்சின் நிற்கும்; மோதினால் காற்றுப்பை விரியாது. 2005-இல் கம்பெனி தன் விற்பனையாளர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பிற்று. சாவிக்கொத்தில் தேவையற்றவற்றை எடுத்துவிடும்படி வாடிக்கைக்காரர்களிடம் சொல்லுங்கள் என்று. என் நண்பரின் 'ஒரு நூல்' வித்தைக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? 2006-இல் சுவிட்சைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள். உறுப்பின் எண்ணைக்கூட மாற்றவில்லை. 2014-இல்தான் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். நஷ்டஈட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் 124.

நண்பர் வீடு திரும்பியதும் முதல் காரியமாக மகன் பூட்டையே மாற்றிவிட்டான். போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். அவர் மனைவி இப்போது வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறார். வாசலில் உட்கார்ந்து சாவியைப் போட்டுத் திருப்பிக் காட்டி, "இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம் என்னைத் தொடவிடாமல் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார்.

நண்பர் திண்ணையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மனைவிக்குக் கேட்காதபடி, "எல்லாம் சரிதான். ஆனால் சப்பென்று இருக்கிறது, ஐயா" என்றார்.