பெரிய உயிரும் சிறிய உயிரும்

ஓருயிர் நாள்தோறும் எண்ணிலடங்காச் சிற்றுயிர்களை விழுங்கி வாழ்கிறது. அவ்வொன்றைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்குமே, அது அறமாகாதா? நம் இல்லத்துப் பிள்ளைகள் கேட்கும் வினா இது. கேட்பதற்கு நியாயம் போலவும் தோன்றும். திமிங்கிலத்தை முன்னிறுத்தி இதனை ஆராயலாம் என எண்ணுகிறோம்.

'திமி' என்னும் பெருமீனையே விழுங்குவது என்பது திமிங்கிலம் என்ற சொல்லின் பொருள். ஆயினும் அவற்றுள் மிகப் பெரியதான நீலத் திமிங்கிலத்தின் தொண்டை குறுகியது. இயற்கை நூலார் திமிங்கிலங்களைப் பல்லுள்ளவை, பல்லில்லாதவை என இரு வகையாகப் பகுப்பர். 1973ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் மணப்பாடு கடற்கரையில் கூட்டமாக ஒதுங்கியவை பல்லுள்ளவை. நீலத் திமிங்கிலமும் பிரைடு திமிங்கிலமும் மற்ற வகையின. இவற்றின் மேல்தாடையில், நகமும் கொம்பும் எப்பொருளால் ஆனவையோ அப்பொருளாலான தகடுகள் சீப்புப் போல் வரிசையாகத் தொங்கும். கடல்நீரை வாய் நிறைய முகந்து, தகடுகளின் வழியே வெளித்தள்ளி, உள்ளே தங்கும் சிற்றுயிர்களை விழுங்கும். நம் வீட்டுப் பெண்கள் சோறு வடிப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். கருவிலுள்ள குட்டிக்குப் பல்முளை தோன்றி, பிறக்கும் முன்னரே மறைந்துவிடுகிறது என்பதும் வியப்பிற்குரியது.

திமிங்கிலத்தை 1735இல் மீன்களோடு சேர்த்த லின்னேயஸ், 1758இல் பாலூட்டிகளின் வரிசைக்கு மாற்றினார். நம் தத்துவ நூல்கள் உயிர்களைப் பொறிகளின் எண்ணிக்கையாலும் பிறப்பின் வகையாலும் பகுத்துள்ளன. அம்முறையில் திமிங்கிலம் நீர்வாழ் ஐயறிவுயிர், கருப்பிறப்பு உடையது. அது உண்ணும் கிரில், நம் கடற்கரை ஊரார் அறிந்த கூனி இறாலை ஒத்தது. நண்டை நாலறிவுயிர் என்று கூறுகிறது தொல்காப்பியம். கிரிலையும் அவ்வரிசையில் வைப்பது பொருந்தும். பெரிய நீலத் திமிங்கிலம் ஒன்று இரை தேடும் நாளில் சுமார் 16 டன் கிரிலை உண்ணும் என 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எத்துணை உயிர்கள்!

இவ்வினாவிற்கு அமிர்தசந்திர ஆசாரியார் புருஷார்த்த சித்தியுபாயத்தில் விடை கூறிவிட்டார். பல சிற்றுயிர்களைக் கொல்வதினும் பேருயிர் ஒன்றைக் கொல்வது மேல் என்பதும், கொல்லும் உயிர் ஒன்றைக் கொன்றால் பல காக்கப்படும் என்பதும், பல கொன்று பாவம் சேர்க்கும் உயிரை இரக்கத்தால் கொன்றுவிடலாம் என்பதும் ஆகிய மூன்றையும் அவர் மறுக்கிறார். பத்தாம் நூற்றாண்டில் மறுக்கப்பட்ட வாதம் மாண்டுபோகவில்லை. திமிங்கிலங்கள் மீன்வளத்தைத் தின்று தீர்க்கின்றன என்று ஜப்பானில் பேசினர். அந்நாடு 2019இல் சர்வதேசத் திமிங்கில ஆணையத்தை விட்டு விலகி, வணிக வேட்டையை மீண்டும் தொடங்கியது.

நடந்தது என்ன? 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்க்டிகக் கடலில் ஏறத்தாழ 29,000 நீலத் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. அவற்றின் எண்ணெய் சவர்க்காரத்திற்கும் மார்ஜரினுக்கும் போயிற்று. உண்பது குறைந்தபின் கிரில் பெருகியிருக்க வேண்டும்; எதிர்பார்த்தபடி பெருகவில்லை. திமிங்கிலத்தின் கழிவிலுள்ள இரும்புச் சத்து நுண்பாசிக்கு உரமாகிறது, அப்பாசியே கிரிலுக்கு இரை என்று ஆய்வாளர் விளக்குகின்றனர். எனினும் இச்சான்றின்மேல் நம் அறத்தை நிறுத்த யாம் விரும்பவில்லை. கிரில் பெருகியிருந்தாலும் அவ்வேட்டை கொலையே. நாளை வேறோர் ஆய்வு வேறொன்று சொன்னால் நம் அறத்தையும் மாற்றிக்கொள்வோமா?

அப்படியாயின் திமிங்கிலத்திற்கு வினை கட்டாதா என்பர் சிலர். நம் பெரியோர் கூறும் சாலிமீன் கதை இங்கே நினைக்கத்தக்கது. சுயம்புரமணக் கடலில் வாழும் பெருமீனின் காதில் அரிசியளவான மீன் ஒன்று இருந்ததாம். வாய் திறந்து உறங்கும் பெருமீனின் வாயில் சிறுமீன்கள் புகுவதும் மீள்வதும் கண்டு, 'எனக்கு இவ்வுடல் வாய்த்திருந்தால் ஒன்றையும் தப்பவிடேன்' என்று நாளெல்லாம் எண்ணியது. ஒன்றையும் கொல்லாத அது, எண்ணத்தாலேயே ஏழாம் நரகம் புகுந்தது. பெருமீனும் அங்கேயே சென்றது என்பதைப் பலர் சொல்லாமல் விடுகின்றனர். ஆகவே திமிங்கிலத்தைக் குற்றமற்றது என்று யாம் வாதிடவில்லை. உண்டே தீர வேண்டிய பிறவியில் சிக்கிய உயிர் அது. அதற்கு நாம் தரத்தக்கது இரக்கமே, தண்டனை அன்று. வேறு உணவு இருந்தும், அவ்வுயிரின் பாவத்தைக் காரணம் காட்டி அதனைக் கொல்பவரின் எண்ணம் சாலிமீனின் எண்ணத்திற்கு எவ்வளவு தொலைவு?

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் செல்வோர், அறிவர் கோயிலின் விதான ஓவியத்தைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகக் காட்டுக. ஒரே தாமரைக் குளத்தில் மீனும் யானையும் பூக்கொய்யும் மாந்தரும் இருக்கக் காணலாம். வண்ணம் மங்கியிருப்பதால் மீன்கள் எளிதில் கண்ணுக்குப் புலப்படா.