கூந்தலைப் பேணுவது பற்றாகுமா?

முடி கொட்டக் கூடாதென்று வெள்ளிக்கிழமைதோறும் மகள் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கும் தாயும், நேர்ந்துகொண்டபடி அதே மகளின் முடியை வைத்தீசுவரன் கோயிலில் இறக்கிவிட்டு வரும் தாயும் காவிரிக் கரையில் ஒருவரே. பேணி வளர்ப்பதும் மழித்துக் கொடுப்பதும் ஒரே வீட்டில் முரண்படாமல் நடக்கின்றன. ஆனால் கேள்வி இல்லாமல் இல்லை. உடம்பு நிலையாதது என்று ஓயாமல் சொல்லும் சமயம், அந்த உடம்பிலும் மிக எளிதில் உதிர்ந்துபோகிற ஒன்றைப் பேணச் சொல்லலாமா? அப்படிப் பேணுவது பற்று ஆகாதா?

இந்தக் கேள்விக்கு மிகக் கூர்மையான விடை தரும் கதையொன்று தாராசுரத்தோடு தொடர்புடையது. கும்பகோணத்தை ஒட்டி மேற்கே உள்ள இந்த ஊரின் ஐராவதேசுவரர் கோயிலை 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் கட்டினான். 2004-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது. அதன் விமானத்தைச் சுற்றி நாயன்மார் வரலாறுகள் குறுஞ்சிற்பங்களாக, பெயர்ப் பொறிப்புகளோடு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அடுத்த ஆட்சியிலேயே அந்த வரலாறுகள் தாராசுரத்தில் கல்லில் ஏறிவிட்டன.

நாயன்மார் கதைகளில் தலைமுடி அடிக்கடி வருகிறது. மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன் சடைமுடி கட்டிக்கொண்டு வருகிறான். அந்த வேடத்துக்கே நாயனார் வணங்குகிறார். போரில் வெட்டுண்டு வந்த தலைகளுக்கு நடுவே சடை தரித்த ஒரு தலையைக் கண்ட புகழ்ச்சோழர், அடியாரைக் கொன்ற பழி தம்முடையது என்று தீயில் இறங்குகிறார். இவ்விரண்டிலும் முடி ஓர் அடையாளம். எண்ணெயும் சீப்பும் படாமல், சிக்கெடுக்கப்படாமல், தானே திரிந்த முடிதான் சடை. பேணாமல் விட்டதாலேயே அது துறவின் சின்னமாகிறது.

முதலில் குறிப்பிட்ட கதை மானக்கஞ்சாற நாயனாருடையது; அது இதற்கு நேர் எதிர்த் திசையில் தொடங்குகிறது. நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து அவர் பெற்ற ஒரே மகளுக்குத் திருமணம். மாப்பிள்ளை ஏயர்கோன் கலிக்காமர், அவரும் நாயன்மார்களில் ஒருவர். மாப்பிள்ளை வீட்டார் வழியில் வந்துகொண்டிருக்கும்போது, மாவிரதி முனிவர் வேடத்தில் இறைவன் வீட்டுக்குள் நுழைகிறார். வணங்கி எழுந்த மணப்பெண்ணின் கருங்கூந்தலைப் பார்த்து, தமது பஞ்சவடிக்கு இது ஆகும் என்கிறார். பஞ்சவடி என்பது மாவிரதிகள் மார்பில் குறுக்கே அணியும், தலைமுடியால் திரித்த பூணூல். கஞ்சாறர் ஒரு சொல்லும் பேசாமல் வாளை உருவி, கூந்தலை அடியோடு அரிந்து கொடுக்கிறார்.

இந்தக் கொடைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? வறண்டு, செம்பட்டை பாய்ந்து, பாதி உதிர்ந்துபோன கூந்தலாக இருந்தால் முனிவர் கேட்டிருக்கவும் மாட்டார், கொடுத்ததில் பெருமையும் இருந்திராது. பல ஆண்டுகள் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிப் பூச்சூட்டி வளர்த்ததால்தான் அது கொடுக்கத் தக்க பொருளாயிற்று. பேணுதலையும் துறத்தலையும் எதிரெதிராக நிறுத்துபவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை. கதை அதோடு முடிவதுமில்லை. இறையருளால் மணப்பெண்ணின் கூந்தல் மீண்டும் வளர்கிறது. முடியைப் பெற்றுக்கொண்ட இறைவனே அதைத் திருப்பித் தருகிறார். கூந்தல் வீண் பொருள் என்பது கதையின் கருத்தாக இருந்தால், திருப்பித் தர வேண்டிய தேவையே இல்லை.

சைவ சித்தாந்தம் இதைத் தத்துவமாகச் சொல்கிறது. தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் மாயையிலிருந்து ஆக்கிக் கொடுத்தவை. தனு என்பது உடம்பு. அது உயிர் அன்று, உயிருக்குச் சொந்தமும் அன்று. ஒரு காரியத்துக்காகத் தரப்பட்ட கருவி. இரவல் வாங்கிய பாத்திரத்தை விளக்கித் துலக்கித் திருப்பிக் கொடுப்பது மரியாதை. இரவல்தானே என்று கரியோடு போட்டு வைப்பது துறவாகாது. திருவாவடுதுறையில் இருந்து திருமந்திரம் அருளியவராகச் சொல்லப்படும் திருமூலரும், உடம்பை இழிவென எண்ணியிருந்து, உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதைச் சொல்கிறார்.

மற்ற மரபுகள் வேறு விடை கண்டன. சமண முனிவர்கள் முடியைக் கையாலேயே பறித்து எடுக்கிறார்கள். நாவுக்கரசர் சமணத்தில் இருந்தபோது அந்த நோன்பை அறிந்தவர். சைவத்துக்குத் திரும்பிய பிறகு தம் பாடல்களில் அதைக் கடுமையாகவே பேசினார். பௌத்தத் துறவிகள் மழித்துக்கொள்கிறார்கள். வள்ளுவரோ கூடாவொழுக்கம் அதிகாரத்தில், உலகம் பழிப்பதை ஒழித்துவிட்டால் மழித்தலும் வேண்டாம், நீட்டலும் வேண்டாம் என்று இரு தரப்பையும் ஒரே குறளில் கடந்துவிடுகிறார். முடியின் நீளத்தில் ஒழுக்கம் இல்லை என்பதில் இன்றைக்கும் மறுப்பதற்கு ஒன்றுமில்லை.

சித்த மருத்துவ மரபு இந்தச் சச்சரவுக்குள் போகவே இல்லை. தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி, அரைத் திங்களுக்கு இரண்டு முறை சவரம் செய்துகொள்ளச் சொல்கிறது; நான்கு நாளுக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கைத் தவறவிடக் கூடாது என்கிறது; எண்ணெய் தேய்த்தால் வெந்நீரில் குளிக்கச் சொல்கிறது. மழிப்பதும் பேணுவதும் அங்கே ஒரே ஒழுக்கத்தின் பகுதிகள்.

தஞ்சை நெல் வயல் நாட்டில் இந்த ஒழுக்கம் சமையலறையோடும் வயல் வரப்போடும் பிணைந்தது. சோறு வடித்த கஞ்சியைக் கொட்டாமல் எடுத்து வைத்து, ஆறிய பிறகு சீயக்காய்த் தூளை அதில் குழைத்துத் தலையில் தேய்ப்பார்கள். சீயக்காயில் உள்ள சபோனின் எண்ணெய்ப் பிசுக்கை அளவாக எடுக்கிறது. கஞ்சியின் மாவுச்சத்து முடியின் மேல் மெல்லப் படிந்து வறட்சியைக் குறைக்கிறது. சீயக்காயோடு பயறும் வெந்தயமும் பூலாங்கிழங்கும் உலர்ந்த செம்பருத்தி இலையும் சேர்த்து மில்லில் அரைத்து வைத்துக்கொள்வது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

கரிசலாங்கண்ணி ஈரமான வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைப்பது. அதை இடித்துச் சாறு பிழிந்து, தேங்காய் எண்ணெயில் ஊற்றி, இரும்பு வாணலியில் சிறு தீயில் காய்ச்சுவார்கள். முதலில் எண்ணெய் சடசடவென்று பொரியும். சாற்றில் உள்ள நீர் வற்ற வற்றச் சத்தம் குறையும்; முழுதும் அடங்கி, அடியில் கசடு மணல்போல் திரண்டதும் இறக்க வேண்டும். சத்தம் அடங்குமுன் இறக்கினால் நீர் தங்கி எண்ணெய் சீக்கிரம் காறிவிடும், தாமதித்தால் கருகிவிடும்.

இவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதில் நேர்மை வேண்டும். தலைக்கு வெளியே தெரியும் முடி முழுவதும் கெராட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற இழை. உயிர் இருப்பது தோலுக்குள் இருக்கும் வேர்க்காலில் மட்டுமே. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் இழைக்குள் ஊடுருவி, குளிக்கும்போது புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது. அதனால் முடி நடுவில் ஒடிவதும் நுனி பிளவுபடுவதும் குறையும். வேரிலிருந்து கழன்று விழுவது வேறு. கரிசலாங்கண்ணி முடி வளர்ச்சியைத் தூண்டுவதாக எலிகளிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; மனிதரிடம் பெரிய அளவில் அது இன்னும் நிறுவப்படவில்லை. பரம்பரையாக வரும் வழுக்கையை எந்த எண்ணெயும் நிறுத்தியதில்லை. மூன்றே வாரத்தில் முடி என்று சீசாவில் எழுதி விற்பவர்கள் ஏமாற்றுகிறார்கள்.

ஏறத்தாழ ஒரு லட்சம் முடி உள்ள தலையில் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வளர்ந்து, சில வாரங்களில் வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து விழும். அதே வேர்க்காலிலிருந்து புதியது முளைக்கும். கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, திடீர்ப் பட்டினி போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது இதனால்தான். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகத் திரும்பிவிடும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இருந்தால் உள்ளே சரிசெய்யாமல் வெளியே தேய்த்துப் பயனில்லை. ஈரத்தலையை இழுத்துப் பின்னுவதும், நாள்தோறும் இறுக்கிக் கொண்டை போடுவதும் நெற்றியோர முடியை நிரந்தரமாகவே அழித்துவிடக்கூடும்.

கூந்தலைப் பற்றிய பேச்சில் வரும் இயற்கை என்ற சொல்லும் இங்கே கவனத்துக்கு உரியது. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்ற பாண்டியனின் ஐயத்தைத் திருவிளையாடற் புராணம் கதையாக்கியிருக்கிறது. இறைவனே எழுதித் தந்த பாட்டை எதிர்த்து, மணம் பூவாலும் பூச்சாலும் வருவதே என்று நக்கீரர் வாதாடினார். தலைத்தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசைக்கு மணம் உண்டு. முடியிழைக்கு என்று தனி மணம் கிடையாது. கூந்தலின் அழகில் பெரும்பங்கு அதன் மேல் ஒருவர் செலவிட்ட உழைப்பு. ஒரு தலைக்கு இன்னொருவர் கை எண்ணெய் தேய்ப்பதும் சாம்பிராணிப் புகை காட்டி உலர்த்துவதும் அந்த உழைப்பே. அதைப் பற்று என்று பெயரிட்டு ஒதுக்குவது நியாயமல்ல. பற்று வேறொரு இடத்தில் தொடங்குகிறது: உதிர்ந்த முடியை எண்ணி எண்ணித் தூக்கம் கெடும்போது, வழுக்கையைக் காரணம் காட்டித் தன்னையோ பிறரையோ தாழ்த்தும்போது.

மானக்கஞ்சாறர் கதையில் இன்றைய வாசகர் கேட்காமல் விட முடியாத ஒன்று பாக்கி இருக்கிறது. கூந்தல் மகளுடையது; கொடுத்தவர் தந்தை. அவளிடம் யாரும் கேட்கவில்லை. இந்தக் கேள்வி புராணத்தோடு நின்றுவிடவில்லை. காவிரிக் கரை அக்கிரகாரங்களில் கணவனை இழந்த பெண்களின் தலையை, குழந்தைகள் என்றும் பாராமல், 20-ஆம் நூற்றாண்டிலும் மழித்தார்கள். அதற்கும் சமயத்தின் பெயரே சொல்லப்பட்டது. குழந்தை விதவைகளுக்காகச் சென்னையில் 1912-இல் இல்லம் தொடங்கிய சகோதரி சுப்புலட்சுமியும் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். பெற்றோர் அவரைப் படிக்கவைத்தார்கள். தானே கொடுத்தால் காணிக்கை. பிறர் பறித்தால் அது தண்டனை. வாள் ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் ஒரே பக்தியின் கீழ் வைக்க முடியாது.

காணிக்கையாக முடி இறக்குவதைச் சுற்றி, மழித்தால் அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. உண்மை அதுவல்ல: மழிப்பு வேர்க்காலைத் தொடுவதே இல்லை, வெட்டிய நுனி மழுங்கலாக இருப்பதால் முளைக்கும்போது தடித்ததாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆகவே முடி இறக்குபவர்கள் அதை நேர்த்திக்கடனாக மட்டும் இறக்கட்டும். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால், கத்தி படுமுன் அந்தப் பிள்ளையின் சம்மதத்தையும் கேட்டுக்கொள்ளட்டும்.