தனிமைக்கு யார் கல் சுமப்பது?

உலகை விட்டு ஓடுகிறவன் கடவுளை நோக்கி ஓடுகிறானா, தன் அயலானிடமிருந்து ஓடுகிறானா? குருமடத்தில் திருச்சபை வரலாறு கற்ற நாள்களில், எகிப்தின் பாலைநிலத் தந்தையரைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் இக்கேள்வி வகுப்பில் எழும். பேராசிரியர் விடை கூறுவார். நாமும் அவ்விடையைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றோம். அத்துடன் கேள்வி தீர்ந்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம். 2018ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அயர்லாந்தின் தென்மேற்குக் கடலில் நிற்கும் ஒரு பாறைத் தீவின் படிக்கட்டில் அது மீண்டும் நம்மை வழிமறித்தது. இம்முறை மதிப்பெண் கிட்டவில்லை.

ஸ்கெல்லிக் மைக்கேல் என்பது அத்தீவின் பெயர். ஐரிஷ் மொழியில் ஸ்கெல்லிக் என்றால் செங்குத்தான பாறை. உயர்ந்த பாறைகளை அதிதூதர் மிக்கேலுக்கு ஒப்புக்கொடுப்பது மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். பிரான்சிலும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் அவர் பெயர் தாங்கிய கடற்பாறைகள் உண்டு. கெர்ரி மாவட்டக் கரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், 218 மீட்டர் உயரத்திற்கு இரு கொடுமுடிகளாகக் கடலிலிருந்து எழுந்து நிற்கிறது இது. மரமில்லை, மணற்கரையில்லை. ஆறாம் நூற்றாண்டுக்கும் எட்டாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு காலத்தில் துறவியர் சிலர் தோற்படகுகளில் இங்கு வந்து குடியேறினர். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் கரைக்குத் திரும்பும் வரை, தலைமுறை தலைமுறையாக இங்கே மன்றாடினர். 1996இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்திற்கு இங்கே காட்சிகள் எடுக்கப்பட்ட பின் இதன் புகழ் பன்மடங்காயிற்று. நாம் சென்ற படகிலும் துறவியரைத் தேடி வந்தவர்களைவிடத் திரைப்படத்தைத் தேடி வந்தவர்களே மிகுதி. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எதனைத் தேடி வந்தாலும் படிகள் அதே படிகள்தாம்.

அக்கோடையில் கெர்ரிப் பகுதியின் பங்கு ஒன்றில் விடுமுறைக்கால உதவிப் பணிக்காகத் தங்கியிருந்தோம். அப்பங்கு இல்லத்தில் ஓய்வுபெற்ற முதிய குரு ஒருவரும் வாழ்ந்து வந்தார். வயது எழுபத்து நான்கு. பிறந்தது முதல் அக்கடற்கரையில் இருந்தவர். வானம் தெளிந்த நாள்களில் அத்தீவைத் தம் அறைச் சன்னலிலிருந்தே காண்பவர். ஆயினும் அதில் அவர் ஒருமுறையும் கால் வைத்ததில்லை. இருமுறை இடம் பதிவு செய்தும் அலை உயர்ந்து படகு நின்றுபோயிற்றாம். மே முதல் செப்டம்பர் வரைதான் கரையிறங்க விடுவார்கள். அப்போதும் கடல் பல நாள்கள் மறுத்துவிடும். பதினைந்து படகுகள், படகுக்குப் பன்னிரண்டு பேர், ஆக நாள் ஒன்றுக்கு 180 பேர் மட்டுமே. "நீங்கள் வந்திருப்பது நல்ல சகுனம் தந்தையே, இம்முறை போய்விடலாம்" என்று கூறி அவரே இருவருக்கும் பதிவு செய்தார். சகுனத்தைப் பற்றிக் குருவானவர் பேசலாமா என்று நாம் சிரித்தோம்.

போர்ட்மகீ என்னும் சிற்றூரிலிருந்து படகு புறப்பட்டு ஒரு மணி நேரத்திற்குள் பாறையடியைச் சேர்ந்தது. படகு ஏறி இறங்கி ஆடும். அது உயரும் நொடியில் படியில் காலை வைக்க வேண்டும். மேலே அரசு அமர்த்தியுள்ள வழிகாட்டிகள் காத்திருந்தார்கள். கோடை முழுவதும் முறை வைத்துத் தீவிலேயே தங்குபவர்கள் அவர்கள். தொல்லியல் படித்த இளம்பெண் ஒருவர் எங்களை நிறுத்திவைத்துச் சட்டங்களைக் கூறினார். நடக்கும்போது படம் எடுக்காதீர்கள். படம் எடுக்கும்போது நடக்காதீர்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்காருங்கள். இறங்கும்போது அஞ்சினால் அமர்ந்தபடியே இறங்குங்கள். படிகள் 618. பெரும்பகுதிக்குக் கைப்பிடி இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவியர் பதித்த கற்கள் அவை. இன்றும் அவர்கள் வைத்த இடத்திலேயே கிடக்கின்றன. 2009ஆம் ஆண்டில் மட்டும் இரு பயணிகள் வெவ்வேறு நாள்களில் தவறி விழுந்து இறந்தனர். இதையும் அவர் குரலை உயர்த்தாமல், தாழ்த்தாமல் சொன்னார். நம் மறையுரைகளில் சாவைப் பற்றி இத்துணை நேராக நாம் பேசியதுண்டா என்று தோன்றிற்று.

ஏறினோம். பரங்கிமலைப் படிகளில் ஏறிப் பழகிய கால்கள் என்ற நம் பெருமை இருநூறாவது படிக்குள் கரைந்தது. இரு பக்கமும் பஃபின் பறவைகள் வளைகளின் வாயிலில் நின்று, செவ்வண்ண அலகைச் சாய்த்து, மனிதரை மதியாமல் பார்த்திருந்தன. இரு கொடுமுடிகளுக்கும் நடுவே பசும்புல் படர்ந்த ஒரு தாழ்வு வருகிறது. 'கிறிஸ்துவின் சேணம்' என்பது அதன் பெயர். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 130 மீட்டர். முதிய குரு அங்கே ஒரு கல்லில் அமர்ந்தார். பின் எழ முயன்றார், இயலவில்லை. முழங்கால் என்றார். முகத்தில் இருந்தது முழங்கால் வலி மட்டுமன்று.

"நீங்கள் போய் வாருங்கள் தந்தையே. நான் இங்கேயே இருக்கிறேன்."

நாம் தயங்கினோம். "போய் வாருங்கள்" என்று மீண்டும் கூறினார். நம் நாட்டில் முதல் மறுப்பு மரியாதை. மூன்றாம் முறை கேட்டால்தான் உண்மை வெளிவரும். அது நமக்கு நன்றாகத் தெரியும். எனினும் மூன்றாம் முறை நாம் கேட்கவில்லை. தீவில் தங்க விட்டிருந்தது இரண்டரை மணி நேரமே. மேலே துறவியரின் மடம் இருந்தது. நாம் ஏறினோம். உள்ளதைச் சொன்னால், விரைந்து ஏறினோம்.

மேலே கண்டதை எப்படி எழுதுவது? மதிலில் உள்ள குறுகிய வாயிலில் குனிந்து நுழைந்தால், கடலுக்கு மேல் தொங்குவது போன்ற ஒரு சிறு திட்டு. அதில் தேன்கூட்டு வடிவில் ஆறு கல் அறைகள். கவிழ்த்த படகைப் போன்ற இரு செபக்கூடங்கள். அவற்றினும் பிற்காலத்துச் சிறு கோவில் ஒன்று. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. தட்டையான கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்நீட்டி, உச்சியில் ஒரு கல்லால் மூடிவிட்டார்கள். கற்கள் வெளிப்புறம் சரிந்திருப்பதால் மழைநீர் வெளியே வழிகிறது. வெளியே வட்டம், உள்ளே சதுரம். ஆயிரம் ஆண்டுக்கால அட்லாண்டிக் புயலுக்குப் பின்னும் அறையின் தரை உலர்ந்திருந்தது. பாறையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்துக் குடித்திருக்கிறார்கள். காற்று மறைவில் மண் சேர்த்துத் தோட்டம் போட்டிருக்கிறார்கள். மீனும், கடற்பறவையும், அதன் முட்டையும் எஞ்சிய உணவு. துறவியர் ஒரு காலத்தில் பன்னிருவரும் ஒரு மடத்தலைவருமாக இருந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. அருகே அவர்களுடைய கல்லறைத் தோட்டம், தேய்ந்த கற்சிலுவைகள். அவற்றிடையே, பிற்காலத்துக் கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் சிறு குழந்தைகள் இருவரும் துயில்கிறார்கள்.

ஓர் அறைக்குள் தனியே நின்றோம். காற்றின் ஓசை சட்டென்று நின்றது. முப்பது ஆண்டுக் குருத்துவ வாழ்வில் அப்படி ஒரு அமைதி நமக்கு வாய்த்ததில்லை. மன்றாடினோம். அந்த மன்றாட்டில் கீழே அமர்ந்திருந்தவர் வரவில்லை.

வெளியே வந்தபோது வழிகாட்டிப் பெண் எதிரே இருந்த தென்கொடுமுடியைக் காட்டினார். 'ஊசியின் கண்' என்னும் பாறைப்பிளவின் வழியே கைகால்களால் தொற்றி ஏறினால்தான் அதன் உச்சியை அடையலாம். பயணிகளுக்கு அங்கே இடமில்லை. அவ்வுச்சிக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டில், ஒரே ஒரு துறவி வாழ்வதற்கென்று ஒரு தனித்தவக் குடில் அமைக்கப்பட்டது. மடத்தின் தனிமையும் ஒருவருக்குப் போதவில்லை! பன்னிரு சகோதரர்களும் கூட்டமாகத் தோன்றினர் போலும். வால்டர் ஹார்ன் முதலிய மூவர் அதனை ஆராய்ந்து 1990இல் ஒரு நூலே வெளியிட்டுள்ளனர். மூன்று மேடைகள்: ஒன்றில் தோட்டம், ஒன்றில் செபக்கூடம், மூன்றாவது எதற்கென்று விளங்காதபடி கொடும்பாறையின் விளிம்பில்.

தூய பேசில் தம் துறவு ஒழுங்குகளில் தனித்தவ வாழ்வை ஏற்கத் தயங்குவதைக் குருமடத்தில் படித்திருக்கிறோம். தனியே வாழ்பவன் யாருடைய பாதங்களைக் கழுவுவான் என்பது அவர் கேள்வியின் சாரம். தாழ்ச்சி பழகத் தனக்கு மேலானவனும், பொறுமை பழகத் தன்னைச் சினமூட்டுபவனும் வேண்டுமே என்கிறார். தூய தோமா அக்குவினாரோ தியான வாழ்வே தன்னளவில் செயல் வாழ்வினும் உயர்ந்தது என்கிறார்; ஆனால் தேவை நேரும்போது செயலையே தேர்ந்துகொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். இவ்விரண்டையும் மனத்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது அப்பெண் இயல்பாக ஒன்று சொன்னார்: அந்த மேடைகளை ஒருவர் தனியே கட்டியிருக்க முடியாது. அத்துணைக் கற்களையும் பாறைமுகத்தில் ஏற்றி அடுக்கப் பலர் வேண்டும். ஒருவரின் தனிமைக்காகப் பலர் உயிரைப் பணயம் வைத்துக் கல் சுமந்திருக்கிறார்கள்.

நாம் இதனை எண்ணிப் பார்த்ததே இல்லை. தனித்தவம் செய்பவன் எல்லாரையும் விட்டுப் போனவன் என்றுதான் நினைத்தோம். அவனைப் போகவிட்டவர்கள், அவனுக்குத் தாங்குசுவர் கட்டியவர்கள், ஒருவேளை உணவும் கொண்டு சென்றவர்கள், இவர்களை எந்தப் பாடமும் நமக்குக் காட்டவில்லை. அந்தோணியாரின் பாலைநிலத் தனிமைக்கும் அப்பம் கொண்டுவந்து கொடுத்த நண்பர்கள் இருந்தார்கள். உலகிற்காக மன்றாடவே அவர்கள் உலகை விட்டார்கள் என்று மறையுரையில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது பொய்யன்று. ஆனால் தென்கொடுமுடியில் வாழ்ந்தவர், கல் சுமந்த சகோதரர்களின் முகங்களைத் தம் மன்றாட்டில் வைத்திருந்தாரா? வைத்திருந்தாரென்றால் அவர் ஓடிப்போனவரல்லர். வைத்திருக்கவில்லையென்றால் அவர் ஏறிய உயரம் வெறும் உயரமே. வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால்தான் தேர்வுத்தாள் விடை உதவவில்லை.

கடலும் அவர்களைத் தனியே விடவில்லை. 823ஆம் ஆண்டில் வைக்கிங் கொள்ளையர் வந்து எட்கால் என்னும் துறவியைப் பிடித்துச் சென்றனர். அவர் பசியாலும் தாகத்தாலும் இறந்தார் என்று பழைய ஆண்டேடுகள் குறிக்கின்றன. எடுத்துச்செல்லப் பொன் இல்லாத இடத்திலிருந்து ஒரு மனிதரை எடுத்துச் சென்றார்கள்.

தபோர் மலையில் கூடாரம் அமைக்க விரும்பிய பேதுருவுக்கு அது வாய்க்கவில்லை. கீழே நோயுற்ற சிறுவனும் அவன் தந்தையும் காத்திருந்தார்கள். நமக்குச் சேணத்தில் ஒருவர் காத்திருந்தார். இந்நினைவு வந்தபோது நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. கீழே இறங்கினோம்.

விட்ட கல்லிலேயே அமர்ந்திருந்தார். காற்றில் உதடுகள் நீலம் பூத்திருந்தன. "எப்படி இருந்தது?" என்று கேட்டார். நாம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினோம். அவர் கையை அசைத்து, "அதை விடுங்கள். அறைக்குள் மழை வருகிறதா? தரை எப்படி?" என்றார். உலர்ந்த தரையைச் சொன்னோம், வெளியே வட்டமும் உள்ளே சதுரமும் சொன்னோம், உச்சிக்கல்லைச் சொன்னோம். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். தியானித்ததைப் பிறருக்கு வழங்குவது தியானிப்பதினும் மேலானது என்று தோமா அக்குவினார் கூறுவது நம் நினைவுக்கு வந்தது. அது அப்போது நமக்கு மிகவும் வசதியாக இருந்தது. அதனாலேயே அதனை நம்ப மனம் வரவில்லை.

பின்னர் அவர் சொன்னார்: "மேலே போகவும் அச்சம், கீழே போகவும் அச்சம். குருவானவர் அஞ்சுகிறார் என்று பிறர் காண வேண்டாமே என்றுதான் உங்களைப் போகச் சொன்னேன்."

இறங்குவதற்கு நெடுநேரம் ஆயிற்று. வழிகாட்டி கூறியபடியே அவர் அமர்ந்து, படி படியாக, குழந்தையைப் போல் இறங்கினார். நாம் அவருக்கு ஒரு படி கீழே பின்னோக்கி அமர்ந்து, அவர் காலணியைப் பிடித்து அடுத்த கல்லில் வைத்தோம். நம் கையில் இருந்தது அவருடைய பாதம். பேசில் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றிப் பேச மூச்சு இல்லை. அடியில் படகோட்டி முகம் சுளிக்காமல் காத்திருந்தார்.

திரும்பும் வழியில் படகு சிறிய ஸ்கெல்லிக்கைச் சுற்றிச் சென்றது. பல்லாயிரம் கானெட் பறவைகள் அப்பாறையை வெண்மையாக்கியிருந்தன. எல்லாரும் படம் எடுக்க எழுந்தார்கள். முதிய குரு தம் பையிலிருந்து தேநீர்க் குடுவையை எடுத்தார். காலையில் அவர் இருவருக்கென்று நிரப்பியது அது. சேணத்தில் அவ்வளவு நேரம் குளிரில் அமர்ந்திருந்தும் மூடியைத் திறக்கவில்லை. இரண்டு கோப்பைகளிலும் ஊற்றி, நிறைந்ததை நம்மிடம் நீட்டினார்.